மூன்று வயதில் பென்சில் எதற்கு?

யு.கே.ஜி. முடிக்கிற பிள்ளைக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கு நம் ஊரில் எல்லோருக்கும் மனப்பாடமான ஒரு கணக்கு இருக்கிறது. ஏ முதல் இசட் வரை பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் கோடு தாண்டாமல் எழுத வேண்டும். ஒன்று முதல் நூறு வரை எழுத வேண்டும். சில பள்ளிகளில் நூறிலிருந்து ஒன்று வரையும். உயிரெழுத்து, மெய்யெழுத்து ஒப்பிக்க வேண்டும். மிஸ் சொல்லச் சொல்ல மூன்றெழுத்து ஆங்கிலச் சொற்களை எழுத வேண்டும். ஒன்றாம் வகுப்பு அரையாண்டுக்குள் வாக்கியம் வாசிக்க வேண்டும், இரண்டாம் வகுப்புக்குள் கர்சிவ் வந்துவிட வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் பெற்றோருக்கு அழைப்பு வரும். “வீட்டுல கொஞ்சம் உட்கார வச்சுப் பாருங்கம்மா, மத்த பசங்கல்லாம் எங்கேயோ போயிட்டாங்க” என்பார் ஆசிரியை. அன்று மாலையே டியூஷன் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

இந்தக் கணக்கு தவறு. கொஞ்சம் கூடிவிட்டது, குறைத்துக்கொள்ளலாம் என்று சமாதானம் சொல்லக்கூடிய தவறும் இல்லை. பிள்ளை எப்படி வளர்கிறது, வாசிப்பு எப்படி வருகிறது, தமிழ் எழுத்து எப்படிப்பட்டது என்ற மூன்றையும் பார்க்காமல் போட்ட கணக்கு இது. சீக்கிரம் தொடங்கினால் சீக்கிரம் முன்னேறலாம் என்ற ஒரே நம்பிக்கையின் மேல் இது நிற்கிறது. அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை என்பதோடு, அதற்கு எதிரான ஆதாரம் நிறையவே இருக்கிறது.

முதலில் வயதைப் பார்ப்போம். வளர்ச்சிப் படி என்று மருத்துவர்கள் சொல்வது ஒரு தேதியை அல்ல, ஒரு கால வீச்சை. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நலமாக வளர்ந்த குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2006இல் அளவுகளை வெளியிட்டது. எதையும் பிடிக்காமல் தனியே நடப்பதற்கு அதில் கண்ட வீச்சு 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை. ஒரு குழந்தை எட்டு மாதம் கடந்ததும் நடக்கிறது, இன்னொன்று ஒன்றரை வயதை நெருங்கும்போது நடக்கிறது. இரண்டுக்கும் ஒரு குறையும் இல்லை. நூற்றுக்கு நான்கு குழந்தைகள் கை, முழங்கால் ஊன்றித் தவழவே இல்லை; அவர்களும் நடந்துவிட்டார்கள். ஐந்தாம் வகுப்பில் நாற்பது பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினால், பத்து மாதத்தில் நடந்தவர் யார், பதினேழு மாதத்தில் நடந்தவர் யார் என்று எந்த ஆசிரியராலும் சொல்ல முடியாது.

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி., தன் வளர்ச்சிப் படிப் பட்டியலை 2022 பிப்ரவரியில் திருத்தியது. பழைய பட்டியல்கள், பாதிக் குழந்தைகள் ஒரு திறனை எட்டும் வயதையே அளவாகக் கொண்டிருந்தன. அப்படி வைத்தால் மீதிப் பாதிப் பிள்ளைகள் எந்தக் குறையும் இல்லாமலே தவறியவர்கள் ஆகிவிடுகிறார்கள். பெற்றோர் வீணாகப் பதறுகிறார்கள். மருத்துவர்களோ “பொறுத்துப் பார்ப்போம்” என்று சொல்லியே பழகி, உண்மையில் உதவி தேவைப்படுகிற பிள்ளையையும் காக்க வைத்துவிடுகிறார்கள். எனவே நூற்றுக்கு எழுபத்தைந்து பேராவது எட்டிவிடும் வயதுதான் இனி அளவு என்று மாற்றினார்கள்.

அந்தத் திருத்திய பட்டியலில் ஐந்து வயதுக்கு என்ன எழுதியிருக்கிறது என்று நம் பள்ளி நிர்வாகிகள் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். தன் பெயரில் உள்ள சில எழுத்துகளை எழுதும். சுட்டிக் காட்டினால் சில எழுத்துகளைச் சொல்லும். பத்து வரை எண்ணும். ஒன்று முதல் ஐந்துக்குள் சில எண்களை அடையாளம் காணும். ஒரு காரியத்தில் ஐந்து முதல் பத்து நிமிடம் கவனம் வைக்கும். குறைந்தது இரண்டு நிகழ்ச்சி உள்ள கதையைச் சொல்லும். விளையாட்டில் தன் முறைக்குக் காத்திருக்கும். சில பொத்தான்களைப் போடும். ஒற்றைக் காலில் குதிக்கும். நாம் அதே வயதுப் பிள்ளையை நாற்பது நிமிடப் பீரியடில் அசையாமல் உட்கார வைத்து நூறு வரை எழுதச் சொல்கிறோம். பொத்தான் போடத் தெரிகிறதா, முறைக்குக் காத்திருக்கத் தெரிகிறதா, நேற்று பாட்டி வீட்டில் நடந்ததைக் கோர்வையாகச் சொல்லத் தெரிகிறதா என்று எந்த ரிப்போர்ட் கார்டும் கேட்பதில்லை. வளர்ச்சியில் பாதி அங்கேதான் இருக்கிறது.

அடுத்து கை. மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை எல்லாம் குருத்தெலும்பு. எக்ஸ்ரே எடுத்தால் பொதுவாக ஒன்றுகூடத் தெரியாது. வருஷத்துக்கு ஒன்று என்பதுபோல் மெல்ல மெல்ல இறுகி, கடைசி எலும்பு தலைகாட்டப் பெரும்பாலும் எட்டு, ஒன்பது வயதுக்கு மேல் ஆகிவிடும். விரல்களின் நுண்ணிய அசைவு பழகுவதற்கும் அதே பொறுமை வேண்டும். மூன்று விரலால் பென்சிலைப் பிடித்து, தோளையும் முழங்கையையும் அசைக்காமல் விரலை மட்டும் அசைத்து எழுதுகிற பிடி பல பிள்ளைகளுக்கு ஐந்து, ஆறு வயதில்தான் நிலைக்கிறது. எல்.கே.ஜி. பிள்ளை எழுதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். நாலு விரலும் பென்சிலைச் சுற்றி முறுகியிருக்கும். கட்டைவிரல் மற்ற விரல்களின் மேல் ஏறியிருக்கும். அழுத்துகிற அழுத்தில் தாளின் மறுபக்கம் மேடு தட்டும். நாக்கு வெளியே வந்திருக்கும். தோள் காது வரை தூக்கியிருக்கும். நாலு கோடு நோட்டில் மூன்று வரி முடிப்பதற்குள் கையை உதறும். அதைச் சோம்பேறித்தனம் என்கிறோம். இப்படிப் பழகிய தவறான பிடியை இரண்டாம் வகுப்பில் மாற்றுவது எத்தனை கஷ்டம் என்று தொடக்கப் பள்ளி ஆசிரியர் யாரைக் கேட்டாலும் சொல்வார்.

பி-யையும் டி-யையும் மாற்றி எழுதுவது, மூன்றைத் திருப்பிப் போடுவது எல்லாம் ஏழு வயது வரைக்கும் சாதாரணமாகப் பார்க்கக் கூடியவை. ஒரு நாற்காலியைத் திருப்பி வைத்தாலும் அது நாற்காலிதான் என்றே அதுவரை பிள்ளை உலகத்தைப் படித்து வந்திருக்கிறது. எழுத்தில் மட்டும் திசை மாறினால் பெயரே மாறும் என்பதைப் புரிந்துகொள்ள அதற்கு அவகாசம் வேண்டும். அந்த அவகாசத்தைச் சிவப்பு மையால் அடித்துத் திருத்துகிறோம்.

வாசிப்புக்கு வருகிறேன். சீக்கிரம் தொடங்கினால் நன்றாகப் படிப்பார்கள் என்பது உண்மையானால், நாலு, ஐந்து வயதிலேயே பள்ளிக்குப் போகும் பிரிட்டன் பிள்ளைகள் ஏழு வயதில் போகும் பின்லாந்துப் பிள்ளைகளை எங்கோ விட்டுத் தாண்டியிருக்க வேண்டும். பிலிப் சீமோரும் அவருடைய கூட்டாளிகளும் ஐரோப்பாவின் பதின்மூன்று மொழிகளில் தொடக்க வாசிப்பை ஒப்பிட்டு 2003இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பள்ளியில் முதல் ஆண்டு முடிவில் பழக்கமான சொற்களைப் பின்லாந்துப் பிள்ளைகள் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரியாக வாசித்தார்கள். ஸ்காட்லாந்தில் ஆங்கிலம் படித்த பிள்ளைகள் முப்பத்து நான்கு. இதற்கு முக்கியக் காரணம் எழுத்துமுறை. ஃபின்னிஷ் மொழியில் எழுதியபடி வாசிக்கலாம், ஆங்கிலத்தில் முடியாது. அந்த ஆங்கிலம்தான், ஐரோப்பிய மொழிகளில் வாசிக்கக் கற்பதற்கு மிகக் கடினமாக இருந்த ஆங்கிலம்தான், வீட்டில் அதைப் பேசாத நம் பிள்ளைக்கு மூன்று வயதில் முதல் எழுத்தாகப் போய்ச் சேருகிறது.

நியூசிலாந்தில் செபாஸ்டியன் சுகேட் செய்த ஆய்வு இன்னும் நேராகவே கேள்வியைத் தொடுகிறது. ஐந்து வயதில் வாசிப்பு தொடங்கிய பிள்ளைகளையும் ஏழு வயதில் தொடங்கிய பிள்ளைகளையும் அவர் ஒப்பிட்டார். முதல் சில ஆண்டுகள் முன்னவர்கள் முன்னே இருந்தார்கள். பத்து, பதினோரு வயதில் வாசிக்கும் வேகத்தில் வித்தியாசமே இல்லை. படித்ததைப் புரிந்துகொள்வதில், தாமதமாகத் தொடங்கியவர்கள் சற்று மேலேகூட இருந்தார்கள். இரண்டு வருஷக் கண்ணீருக்கும் அடிக்கும் கிடைத்த லாபம் பத்து வயதில் பூஜ்யம்.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அங்கே அரசின் முன்பருவ வகுப்புகளுக்கு இடத்தைவிட விண்ணப்பம் அதிகமாக வந்ததால் குலுக்கல் போட்டார்கள். இடம் கிடைத்தவர், கிடைக்காதவர் என்று 2,990 பிள்ளைகளை ஆறாம் வகுப்பு வரை பின்தொடர்ந்தார்கள். முன்பருவ வகுப்பு முடிந்த வருஷம், படித்த பிள்ளைகள் எழுத்திலும் எண்ணிலும் முன்னே நின்றார்கள். ஆறாம் வகுப்பில் அதே பிள்ளைகள் தேர்வு மதிப்பெண்ணில் பின்னே போயிருந்தார்கள், ஒழுங்குப் பிரச்சினைகளும் அவர்களிடம் கூடியிருந்தன. 2022இல் இது வெளியானது. முன்பருவக் கல்வியே கெடுதல் என்று இதிலிருந்து சொல்ல முடியாது. நல்ல அங்கன்வாடியும் நல்ல மழலையர் பள்ளியும் ஏழைப் பிள்ளைக்குப் பெரிய வரம். ஆனால் ஐந்து வயதில் தெரியும் முன்னிலை பதினொரு வயதுக்கு உத்தரவாதம் அல்ல என்பது இதில் தெளிவாகவே இருக்கிறது.

தமிழுக்கு வேறு கணக்கும் இருக்கிறது. ஆங்கிலத்துக்கு இருபத்தாறு எழுத்து, நமக்கு 247. கா, கி, கூ, கெ, கோ என்று குறி ஏறும் விதத்தைப் பிடித்துக்கொண்டால் பல எழுத்துகள் தாமே விளங்கிவிடும் என்பது உண்மைதான். ஆனால் கு ஒரு மாதிரி, சு ஒரு மாதிரி, ணு ஒரு மாதிரி. குறி எழுத்துக்கு முன்னே வருவது உண்டு, பின்னே வருவது உண்டு, இரண்டு பக்கமும் வருவது உண்டு. சோனாலி நாக் கன்னடப் பிள்ளைகளிடம் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய எழுத்துமுறையை முழுக்கக் கைவசப்படுத்த நான்காம் வகுப்பு வரைகூட ஆகிறது என்று காட்டியது. கன்னடத்தைப் போலவே உயிர்மெய்யால் நடக்கும் தமிழுக்கும் சில ஆண்டுகள் வேண்டும் என்பதில் ஆச்சரியம் என்ன? போதாக்குறைக்கு, வீட்டில் ‘வந்துச்சு’ என்று பேசும் பிள்ளை புத்தகத்தில் ‘வந்தது’ என்று படிக்க வேண்டியிருக்கிறது. எழுத்தோடு சேர்த்து இன்னொரு தமிழையும் அது கற்கிறது. இதற்கு இரண்டு, மூன்று வருஷம் எடுத்துக்கொள்ளும் பிள்ளை மெதுவான பிள்ளை அல்ல. அது சரியான வேகத்தில்தான் போகிறது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று உண்டு; அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. கிராமப்புறங்களில் வீடு வீடாகப் போய் நடத்தும் ஏசர் கணக்கெடுப்பில், 2022இல் தமிழ்நாட்டின் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசித்தவர்கள் 4.8 சதவீதம்தான். “பாருங்கள், மெதுவாகப் போகலாம் என்றதால் வந்த வினை” என்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பில் இருக்க வேண்டிய வருஷத்தில் கொரோனாவால் பள்ளியே திறக்கவில்லை என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். ஆனால் நான் அதன் பின்னால் ஒளிந்துகொள்ள மாட்டேன். கொரோனாவுக்கு முன்பு, 2018இலும் அந்த எண் 10.2 சதவீதம்தான். நிலைமை மோசம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்கு அவர்கள் சொல்லும் காரணத்தைத்தான் மறுக்கிறேன்.

வாசிக்க முடியாத அந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் நோட்டை வாங்கிப் பாருங்கள். பக்கம் பக்கமாக எழுதியிருக்கும். கரும்பலகையில் இருப்பதை ஒரு எழுத்து பார்த்து ஒரு எழுத்து எழுதி, அழகாக முடித்திருக்கும். எழுதியதைப் படி என்றால் விழிக்கும். புத்தகத்தைக் கொடுத்தால் கடகடவென்று ஒப்பிக்கும். விரல் மூன்றாம் வரியில் இருக்கும், வாய் ஐந்தாம் வரிக்குப் போயிருக்கும். நடுவில் ஒரு சொல்லை மறைத்துவிட்டு இது என்ன என்று கேட்டால் பாடத்தின் முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கும். இந்தப் பிள்ளை தாமதமாகத் தொடங்கியதால் கெட்டதல்ல. மூன்று வயதிலிருந்து எழுதிக்கொண்டே இருக்கிறது. எழுத்துக்கு ஒலி உண்டு, ஒலிகள் சேர்ந்தால் சொல், சொல்லுக்குப் பொருள் உண்டு என்பதை மட்டும் யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கவில்லை. எல்.கே.ஜி.யில் நடந்திருக்கும் என்று ஒன்றாம் வகுப்பு நினைத்தது. ஒன்றாம் வகுப்பில் நடந்திருக்கும் என்று இரண்டாம் வகுப்பு நினைத்தது. அவசரப்பட்ட கணக்கின் நேரடி விளைவு இது. எல்லாம் முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், கற்றுக்கொடுக்க வேண்டிய வகுப்பு என்று ஒன்று இல்லாமலே போய்விடுகிறது.

கணக்கிலும் இதே கதைதான். நூறு வரை எழுதும் ஐந்து வயதுப் பிள்ளையின் முன்னால் ஆறு புளியங்கொட்டையை ஒரு வரிசையாகவும், அதற்கு நேர் கீழே இன்னொரு ஆறையும் வையுங்கள். இரண்டும் சமம் என்று சொல்லும். கீழ் வரிசையை மட்டும் அதன் கண்ணெதிரே அகலமாகப் பரப்பிவிட்டுக் கேளுங்கள்: இப்போது எதில் அதிகம்? பல பிள்ளைகள் பரப்பிய வரிசையைக் காட்டும். உளவியல் அறிஞர் ழான் பியாஜே வெகு காலம் முன்பே விளக்கியது இது. பரப்பினாலும் எண்ணிக்கை மாறாது என்ற உறுதி ஆறு, ஏழு வயதை ஒட்டித்தான் பெரும்பாலும் வருகிறது. அந்த உறுதி வருவதற்கு முன் எழுதிய நூறு, வெறும் கோடும் சுழியும்தான். தாயக்கட்டம் உருட்டி ஐந்துக் கட்டம் நகர்த்துகிற பிள்ளைக்கும், பல்லாங்குழியில் குழிக்கொன்றாய்ப் போட்டு வருகிற பிள்ளைக்கும் அந்த உறுதியை நோக்கி எடுத்து வைக்க ஒரு படி கிடைக்கிறது. நம் பள்ளிகள் அதை விளையாட்டு என்று ஒதுக்கிவிட்டு மறுபடி நூறு எழுதச் சொல்கின்றன.

ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை ஒரே அளவுகோலால் அளப்பதில் ஒரு பெரிய அநியாயம் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஜூலை 31 அன்று ஐந்து வயது நிறைந்திருந்தால் ஒன்றாம் வகுப்பு. ஆகஸ்டு முதல் வாரத்தில் பிறந்த பிள்ளையும் அடுத்த ஜூலைக் கடைசியில் பிறந்த பிள்ளையும் ஒரே பெஞ்சில் இருப்பார்கள். இருவருக்கும் இடையே கிட்டத்தட்ட ஒரு வருஷம். ஐந்து வயதில் ஒரு வருஷம் என்பது வாழ்ந்த காலத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அமெரிக்காவில் நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்து 2018இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்த ஆய்வு, செப்டம்பர் 1ஐ வயது வரம்பாகக் கொண்ட மாநிலங்களைப் பார்த்தது. வகுப்பில் இளையவர்களான ஆகஸ்டுப் பிள்ளைகளில் பத்தாயிரத்துக்கு 85.1 பேருக்குக் கவனக்குறைவு, மிகைத்துடிப்புக் கோளாறு என்று முத்திரை விழுந்திருந்தது. மூத்தவர்களான செப்டம்பர்ப் பிள்ளைகளில் 63.6 பேருக்கு. மருந்து வரைக்கும் போன முத்திரை அது. கிட்டத்தட்ட ஒரு வருஷம் இளையதாக இருந்ததுதான் அந்தக் கூடுதல் பிள்ளைகள் செய்த தப்பு. நம் பள்ளிகளில் ‘மெல்லக் கற்போர்’ பட்டியல் போடும்போது பிறந்த மாதத்தைப் பக்கத்தில் எழுதிப் பார்க்கிறவர் எத்தனை பேர்?

பிறப்புச் சான்றிதழ் பரவாத காலத்தில் நம் கிராமத்துத் தலைமையாசிரியர்கள் பிள்ளையை முன்னால் நிறுத்தி, வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் சேர்க்கை, தொடாவிட்டால் அடுத்த வருஷம். வயதைக் காட்டுவதற்கு அது துல்லியமான சோதனை அல்ல. ஆனாலும் பிள்ளையின் உடம்பு பள்ளிக்கு ஆயத்தமா என்றுதான் அது கேட்டது. எத்தனை எழுத்து தெரியும் என்று கேட்கவில்லை. எழுத்து கற்றுக்கொடுப்பது தன் வேலை என்று அந்த ஆசிரியருக்குத் தெரிந்திருந்தது.

இப்படிச் சொன்னதும் “அப்போ விட்டுட வேண்டியதுதானே, தானா வந்துடும்” என்று ஒரு கூட்டம் கிளம்பும். அதையும் மறுக்கிறேன். பேச்சு தானாக வரும். வாசிப்பு தானாக வராது. அதை முறையாக, தினமும், பொறுமையாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். அதற்குரிய காலம் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகள். நன்றாகச் சொல்லிக்கொடுத்தும் இரண்டாம் வகுப்பு முடிவில் எளிய சொற்களைக் கூட்டி வாசிக்கத் திணறுகிற பிள்ளைக்கு உடனே கவனம் வேண்டும். டிஸ்லெக்சியா போன்ற கற்றல் சிரமங்கள் பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான் தெளிவாகப் பிடிபடுகின்றன. வகுப்பில் பாதிப் பேரை யு.கே.ஜி.யிலேயே பின்தங்கியவர்கள் என்று சொல்லிவிட்டால், உண்மையில் உதவி தேவைப்படும் அந்த இரண்டு, மூன்று பிள்ளைகள் கூட்டத்தில் மறைந்துபோகிறார்கள். இந்த அவசரத்தின் மீது எனக்கு இருக்கும் கோபத்தில் பெரும்பங்கு இதனால்தான்.

கவனிக்க வேண்டியவற்றை நாம் கவனிப்பதே இல்லை. பலகை தெரியாமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுகிற பிள்ளைக்குக் கண் பரிசோதனை வேண்டும். நாம் காப்பி அடிக்கிறான் என்று அடிக்கிறோம். சளி பிடித்துக் காது அடைத்தே கிடக்கிற பிள்ளைக்கு ‘ல’வும் ‘ள’வும் ஒன்றாகக் கேட்கும், டிக்டேஷனில் கோட்டை விடும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அந்தச் சோர்வோடுதான் அவர்கள் ஒன்றாம் வகுப்புக்கு வருகிறார்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் எந்த டியூஷனையும்விடப் பெரிய கல்விச் சீர்திருத்தம் என்று நான் சொல்வது இதனால்தான்.

பிள்ளையின் வேகத்தில் போவது நமக்குப் புதிதும் அல்ல. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் எம்.பி. விஜயகுமார் ஆணையராக இருந்தபோது, ரிஷி வேலி பள்ளியின் அனுபவத்தை எடுத்துக்கொண்டு செயல்வழிக் கற்றலைக் கொண்டுவந்தார்கள். சில ஆண்டுகளில் அது மாநிலம் முழுவதும் போனது. பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். கற்றல் ஏணிப்படியில் தாங்கள் எங்கே நிற்கிறோம் என்று பார்த்து, தங்களுக்குரிய அட்டையைத் தாங்களே எடுத்தார்கள். சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளையின் உயரத்துக்குக் கரும்பலகை. ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்த பிள்ளை திரும்பி வந்தால் விட்ட அட்டையிலிருந்து தொடரலாம். நடைமுறையில் குறைகள் இருந்தன. ஆனாலும் அதன் அடிப்படை சரி. 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் பிரித்தே கற்பிக்கிறது. எட்டு வயதுக்குள், மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் எழுத்தும் எண்ணும் வர வேண்டும் என்பதுதான் அதன் இலக்கு. ஒன்றிய அரசின் நிபுன் பாரத் திட்டத்துக்கும் மூன்றாம் வகுப்பே எல்லை. பல விஷயங்களில் எதிரெதிராக நிற்கும் இரண்டு அரசுகளும் எட்டு வயது என்று சொல்லும்போது, நம் தெருமுனை நர்சரி மட்டும் ஐந்து வயது என்று சொல்வதை ஏன் நம்புகிறோம்?

சட்டமும் பிள்ளையின் பக்கம்தான். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சேர்க்கையின்போது பிள்ளையையோ பெற்றோரையோ வடிகட்டும் சோதனையைத் தடை செய்கிறது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரை, அதன்பின் ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரை அபராதம். நேர்காணல் என்ற பெயரை மாற்றி ‘இன்டராக்ஷன்’ என்று வைத்துக்கொண்டு அதையே நடத்துகிறார்கள். 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று உத்தரவிட்டது. 2019இல் என்.சி.இ.ஆர்.டி. முன்பருவ வகுப்புகளில் எழுத்துத் தேர்வோ வாய்மொழித் தேர்வோ கூடாது என்றது. இவ்வளவும் இருந்தும் எல்.கே.ஜி. பிள்ளைக்கு மாதத் தேர்வு நடக்கிறது. பெற்றோரும் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறார்கள்.

வருகிற ஜூனில் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இப்போதே கண்ணையும் காதையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். தினமும் கதை சொல்லுங்கள், பிள்ளையையும் சொல்ல விடுங்கள். பொத்தானைத் தானே போடட்டும், சோற்றைத் தானே பிசைந்து சாப்பிடட்டும், கோலமாவைக் கையில் எடுத்துத் தரையில் கிறுக்கட்டும். பள்ளிச் சேர்க்கைக்குப் போன இடத்தில் பிள்ளையின் முன் தாளையும் பென்சிலையும் நீட்டினால், சட்டப்படி இது கூடாது என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். எழுத்தெல்லாம் தெரியுமா என்று கேட்டால், தெரியாது, கற்றுக்கொள்ளத்தான் கூட்டி வந்திருக்கிறோம் என்று தலை நிமிர்ந்து சொல்லுங்கள்.